கரையான் யாருக்குச் சொந்தம்?

மூன்றாம் ஆண்டு, பொருளியல்

'கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது போல' என்று ஒரு பழமொழி உண்டு. பாடுபட்டவன் ஒருவன், பலனை அனுபவிப்பவன் வேறொருவன் என்பது அதன் பொருள். எங்கள் வீட்டில் நடந்ததோ அதற்கு நேர்மாறு. நாங்கள் வாடகை கொடுத்துக் குடியிருந்த வீட்டில் கரையான் வாடகை கொடாமல் குடிபுகுந்தது. அந்தக் கரையான் வீட்டுக்காரருக்குச் சொந்தமா, குடியிருந்த எங்களுக்குச் சொந்தமா என்ற வழக்கு மூன்று மாதம் நடந்தது. வழக்கு முடிவதற்குள் கரையான் தன் வேலையை முடித்துவிட்டது.

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது நண்பர்கள் பலரும் பெரிய பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். தேசிய ஒருமைப்பாட்டைப் பற்றி ஒருவர், விண்வெளி ஆராய்ச்சியைப் பற்றி ஒருவர் எழுதுகிறார். இந்நிலையில் கரையானும் மூட்டைப்பூச்சியும் கல்லூரி மலரில் இடம்பெறத் தக்க பொருள்களா என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கலாம். நம்மில் பலர் வாடகை வீட்டுப் பிள்ளைகள். சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து நான்கு பேராகச் சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருப்போரும் உண்டு. நமக்கு இது சிறிய பொருள் அன்று.

நடந்தது இதுதான்

அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் கேட்கும் தெரு ஒன்றில், ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு வீடுகள். அவற்றில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். என் தந்தையார் கூலிக்கு நெய்பவர். வீட்டின் முன்பாதியில் தறி, பின்பாதியில் குடித்தனம். தறிக்குழியை வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் வெட்டினோம். குழிக்கு எதிரே சுவரில் மரப்பலகை வைத்த ஒரு அலமாரி. அதில்தான் என் பாடநூல்களும், அக்காவின் சான்றிதழ்கள் வைத்த கோப்பும் இருந்தன.

ஒரு கார்த்திகை மாதம், அலமாரியின் ஓரத்தில் விரல் கனத்துக்கு ஒரு மண்கோடு தெரிந்தது. அம்மா துடைப்பத்தால் தட்டிவிட்டார். மறு வாரம் மீண்டும் வந்தது. வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னோம். அவர் வந்து பார்த்துவிட்டு, "இருபது வருஷமா இந்த வீட்டுல ஆள் இருக்காங்க. ஒருத்தரும் கரையான்னு சொன்னதில்ல. குழி வெட்டினது நீங்க. காகிதத்தை அடைச்சு வச்சதும் நீங்க. அப்புறம் வராம என்ன செய்யும்?" என்றார். என் தந்தையார், "சுவரும் தரையும் உங்களோடதும்மா. அது வழியாத்தான ஏறுது?" என்றார். மருந்தடிப்பவர் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டார். எங்கள் பங்குக்கு நாங்கள் மண்ணெண்ணெய் தெளித்தோம். அவர் பங்குக்கு அவர், "பார்க்கலாம்" என்றார்.

தை மாதம், வேலைவாய்ப்புப் பதிவுக்காக அக்கா கோப்பை எடுத்தபோது மேலட்டை மட்டும் முழுதாக இருந்தது. உள்ளே பத்தாம் வகுப்புச் சான்றிதழ் சல்லடையாகிக் கிடந்தது. என் முதலாண்டுப் புத்தகங்கள் மண்ணாகியிருந்தன. பிறகு கொத்தனாரை அழைத்துப் பார்த்தபோது, சுவருக்குப் பின்புறம் குளியலறைக் குழாய் அடியில் கசிந்து மண் எப்போதும் ஈரமாக இருந்ததைக் காட்டினார். ஈரம் கொடுத்தது அவர்கள் குழாய். ஏறிவர வழி கொடுத்தது எங்கள் குழி. இருவருமே பாதி உண்மை சொல்லியிருக்கிறோம். கடைசியில் என் தந்தையார் மருந்துக்குப் பணம் கொடுத்தார். வீட்டுக்கார அம்மா அரை மாத வாடகையைத் தள்ளிக் கொடுத்தார். இதே உடன்பாட்டைக் கார்த்திகையிலேயே செய்திருந்தால், நகல் சான்றிதழுக்காக அக்கா அலைந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

அந்த அம்மாவை நான் குறை சொல்ல வரவில்லை. அவர் கணவர் காலமாகிவிட்டார். இந்த ஆறு வீட்டு வாடகைதான் அவருக்குச் சோறு. நம் ஊரில் வீட்டுக்காரர் என்றால் எல்லோரும் செல்வந்தர் அல்லர். வாடகைக்கு விடுபவரும் வாடகைக்கு இருப்பவரும் பல வேளைகளில் ஒரே ஏழ்மையின் இரண்டு பக்கங்கள். அதனால்தான் யார் செய்வது என்பது முன்கூட்டியே தெளிவாக இருக்க வேண்டும் என்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த அனுபவத்திற்குப் பிறகு சட்டத்தைத் தேடிப் படித்தேன். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விலக்கப்பட்டு, அதன் இடத்தில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது அச்சட்டம்.

அதன் இரண்டாம் அட்டவணை யார் எதைப் பராமரிக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல்களுக்கு வண்ணம், தண்ணீர்க் குழாய் மாற்றுதல், மின்கம்பி இணைப்பு ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயின் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்சு, பூட்டு, ஜன்னல் கண்ணாடி முதலியன குடியிருப்பவர் பொறுப்பு. வீட்டுக்காரர் தம் கடமையைச் செய்யாவிட்டால் குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம்; ஆனால் ஒரு மாதத்தில் கழிக்கும் தொகை பாதி வாடகையைத் தாண்டக் கூடாது. குடியிருப்பவர் செய்யாவிட்டால் வீட்டுக்காரர் செய்து முன்பணத்தில் பிடித்துக்கொள்ளலாம். நியாயமான ஏற்பாடு என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த அட்டவணையை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தும் கரையானைக் காணோம், எலியைக் காணோம், மூட்டைப்பூச்சியைக் காணோம். பூச்சியை நினைவூட்டும் ஒரே சொல், ஈ புகாமல் ஜன்னலில் அடிக்கும் வலை. அது கிழிந்தால் மாற்றுவது குடியிருப்பவர் வேலையாம்! குளியல் தொட்டிக்கும் வெந்நீர்க் கருவிக்கும் இடம் கொடுத்த சட்டம், குடிசை முதல் மாளிகை வரை எல்லா வீட்டிலும் குடியிருக்கும் உயிர்களை மறந்துவிட்டது. நம் ஊரில் எத்தனை வாடகை வீட்டில் குளியல் தொட்டி இருக்கிறது என்று சிந்தித்துப் பாருங்கள்.

இதைவிடப் பழைய சட்டம் ஒன்று நமக்குச் சற்று உதவுகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, குத்தகைக்கு விடுபவருக்குத் தெரிந்ததும், எடுப்பவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாததுமான முக்கியக் குறைபாட்டை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்கிறது. மூட்டைப்பூச்சியைவிட மறைவான குறைபாடு வேறு எது? பகலில் சுவர் விரிசலில் ஒளிந்திருக்கும். இரத்தம் கிடைக்காமலே மாதக்கணக்கில் உயிர் வாழும். ஆகவே காலியாகக் கிடந்த வீடு சுத்தமான வீடு என்று நம்புவதற்கில்லை.

கடல் கடந்த வழக்கு

மூட்டைப்பூச்சியால் வந்த வழக்கு நமக்கு மட்டும் உரியது அன்று. இங்கிலாந்தில் பிரைட்டன் என்ற கடற்கரை நகரில், 1842-இல் தாமஸ் மாரபிள் என்ற பிரபு தட்டுமுட்டுச் சாமான்களோடு கூடிய ஒரு வீட்டைச் சில வாரங்களுக்கு, வாரம் எட்டு கினி என்று வாடகைக்கு எடுத்தார். வீடு முழுக்க மூட்டைப்பூச்சி. ஒரு வார வாடகையைக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு வெளியேறிவிட்டார். மீதி வாடகை கேட்டு வீட்டுக்காரர் வழக்குப் போட்டார். சாமான்களோடு வாடகைக்கு விடும் வீடு மனிதர் வாழத் தக்கதாக இருக்க வேண்டும். இல்லையேல் குடியேறியவர் வெளியேறலாம் என்று 1843-இல் தீர்ப்பாயிற்று. ஆனால் அதே ஆண்டில் இன்னொரு மூட்டைப்பூச்சி வழக்கில், வெறும் வீட்டுக்கு அந்த விதி பொருந்தாது என்று அதே நீதிமன்றம் கூறிவிட்டது. பிரபுவைக் கடித்த பூச்சிக்கு ஒரு நீதி, கட்டிலும் மெத்தையும் தாமே கொண்டுவந்தவரைக் கடித்த பூச்சிக்கு இன்னொரு நீதி!

நியூயார்க் நகரத்தில் 2010 முதல் வேறொரு வழி. புதிதாகக் குடிவருபவருக்கு, கடந்த ஓராண்டில் அந்த வீட்டில் மூட்டைப்பூச்சி இருந்ததா என்பதை வீட்டுக்காரர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மருந்தடிக்கும் செலவை விட உண்மையைச் சொல்வது மலிவு என்பதை அந்த நகரம் உணர்ந்திருக்கிறது.

வானம் பார்த்த பூமியும் கொசுவும்

நியூயார்க்கில் மூட்டைப்பூச்சி என்றால் நம் கரிசல் சீமையில் முதல் எதிரி கொசு. மழையே இல்லாத ஊரில் கொசு எங்கிருந்து வருகிறது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். தண்ணீர் இல்லாததால்தான் வருகிறது! நாள் கணக்கில் காத்திருந்து வரும் குழாய்த் தண்ணீரைச் சிமெண்டுத் தொட்டியிலும், பிளாஸ்டிக் டிரம்மிலும், குடத்திலும், அண்டாவிலும் பிடித்து வைக்கிறோம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. நாம் பொன்னைப் போலச் சேர்த்து வைக்கும் நல்ல தண்ணீரைத்தான் நாடுகிறது. தண்ணீர் மட்டத்தை ஒட்டிய சுவரில் முட்டையிடுகிறது. தொட்டி வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாமல் காத்திருக்கும். தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஏழெட்டு நாளில் கொசுவாகிப் பறக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் போதாது. வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். 2017-ஆம் ஆண்டில் தமிழகத்தில் 23 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்குவால் பாதிக்கப்பட்டு, 65 பேர் உயிரிழந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. பகலில் கடிக்கும் அந்தக் கொசு பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் பறப்பதில்லை. அதாவது நம்மைக் கடிக்கும் கொசு நம் தெருக் கொசு. பல வேளைகளில் நம் காம்பவுண்டுக் கொசு.

எங்கள் காம்பவுண்டின் நடுவிலும் ஒரு பொதுத் தொட்டி உண்டு. நான்காம் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது, கொசு ஒழிப்புப் பணிக்கு வந்தவர் மூடியில்லாத அந்தத் தொட்டியில் டார்ச் அடித்துப் புழுக்களைக் காட்டி, "இந்தத் தொட்டி யாருது?" என்று கேட்டார். ஆறு வீட்டாரும் நின்றிருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. குழந்தை பிழைத்துவிட்டது. ஆனால் அந்த மௌனம் இன்னும் என்னை உறுத்துகிறது.

வியப்பு என்னவென்றால், இந்தக் கேள்விக்கு 1939-லேயே விடை எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டில் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ள பொதுச் சுகாதாரச் சட்டத்தில், கொசு ஒழிப்புக்கென்றே தனிப்பகுதி உண்டு. கொசு உற்பத்தியாகும் தண்ணீரைச் சரிசெய்யும்படி சுகாதார அதிகாரி வீட்டுக்காரருக்கோ குடியிருப்பவருக்கோ எழுத்தில் அறிவிப்புக் கொடுக்கலாம். குடியிருப்பவருக்குக் கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், அவர் செய்த நியாயமான செலவை வீட்டுக்காரரிடமிருந்து பெறலாம், வாடகையிலும் கழித்துக்கொள்ளலாம். அருகில் இருப்பவன் உடனே செய்ய வேண்டும், உடைமையாளன் செலவை ஏற்க வேண்டும் என்பதே இதன் சாரம். நம் பாட்டன்மார் காலத்துச் சட்டம் கொசுவுக்குச் சொன்ன நீதியை, நம் காலத்துச் சட்டம் கரையானுக்கும் எலிக்கும் சொல்லாமல் விட்டது ஒரு குறையே.

என் கருத்து

பூச்சி யாருடையது என்று கேட்பதை விட்டு, அது எந்த வழியாக வந்தது என்று கேட்க வேண்டும்.

முதலாவது, மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் வருவது. கரையான் இதில் அடங்கும். தரை வெடிப்பிலும் கழிவுக்குழாய் இடுக்கிலும் நுழையும் எலியும், கற்சுவர் இடுக்கில் தங்கும் தேளும் அடங்கும். இவை கட்டடத்தின் குறை. ஆகவே கட்டடம் யாருடையதோ அவர் பொறுப்பு. கட்டடங்களைக் கரையானிடமிருந்து காப்பதற்கென்றே இந்தியத் தரநிர்ணய விதி ஒன்று, 6313 என்ற எண்ணில் இருக்கிறது. வீடு கட்டும் முன்பே அடித்தளத்து மண்ணுக்கு மருந்திடும் முறையும், கட்டி முடித்த வீட்டுக்குச் செய்யும் முறையும் அதில் உண்டு. அடித்தளத்தில் செய்யத் தவறியதைக் குடிவந்தவர் துடைப்பத்தால் செய்ய முடியாது.

இரண்டாவது, பெட்டியிலும் பழக்கத்திலும் வருவது. பழைய கட்டிலோடு வரும் மூட்டைப்பூச்சி, கழுவாத பாத்திரத்துக்கு வரும் கரப்பான், மூடாத டிரம்மில் பிறக்கும் கொசு. இவை குடியிருப்பவர் பொறுப்பு. அறை எடுத்துத் தங்கும் நண்பர்களே, பரோட்டாப் பொட்டலத்தை மூன்று நாள் மூலையில் போட்டுவிட்டு வீட்டுக்காரரைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்? ஆனால் குடிவந்த முதல் மாதத்திலேயே மூட்டைப்பூச்சி தென்பட்டால், அது முன்பே சுவரில் இருந்தது என்றே கொள்வது முறை.

மூன்றாவது, பொது இடத்தில் பிறந்து எல்லா வீட்டுக்கும் போவது. பொதுத் தொட்டி, பொதுக் கழிப்பறை, இரு வீட்டுக்கு நடுவிலுள்ள ஒற்றைச் சுவர். இங்கே ஒரு வீட்டார் மட்டும் மருந்தடித்தால் பூச்சி பக்கத்து வீட்டுக்கு விருந்து போய்விட்டு, மருந்து நெடி அடங்கியதும் திரும்பி வரும். இதை வீட்டுக்காரர் முன்னின்று எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் செய்ய வேண்டும். குடியிருப்போர் சாமான்களை ஒதுக்கி ஒத்துழைக்க வேண்டும். தறிக்குழி போல இருவரும் சம்பந்தப்பட்டதில் ஆளுக்குப் பாதி.

நம் பக்கத்தில் ஒத்திக்கு வீடு எடுக்கும் வழக்கமும் உண்டு. மொத்தத் தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையின்றி இருப்பவர் எதில் கழிப்பார்? அவருக்கு ஒத்திப் பத்திரத்தில் எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

"மாத வாடகையே சொற்பம், இதில் மருந்துச் செலவு வேறா?" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் கரையான் தின்பது குடியிருப்பவரின் காகிதத்தை மட்டும் அன்று. வீட்டுக்காரரின் நிலைப்படியையும் உத்தரத்தையும்தான். குடியிருப்பவர் அடுத்த வீடு பார்த்துப் போய்விடுவார். உத்தரம் எங்கே போகும்?

குடியிருப்பவரின் தயக்கம் வேறு வகை. "பூச்சி இருக்குன்னு சொன்னா, பிடிக்கலைன்னா காலி பண்ணிக்கோங்கன்னு சொல்லிடுவாங்க" என்ற அச்சம். இந்த அச்சத்தால்தான் பலர் வாய்மூடி, கடையில் கிடைக்கும் நஞ்சை வாங்கித் தாமே வைக்கிறார்கள். அது எவ்வளவு ஆபத்தானது! 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டில் வைக்கப்பட்ட மருந்தின் நச்சுக்காற்றால் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அங்கே மருந்து வைத்தது அந்தத் தொழிலையே செய்யும் நிறுவனத்தின் ஆள். தொழில் தெரிந்தவர் கையிலேயே இப்படி என்றால், தெரியாத நம் கையில் அது என்ன ஆகும்? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தக் கூடாது என்பது பழமொழி. எலிக்குப் பயந்து பிள்ளைகளை இழக்கலாமா? ஆகவே யார் செலவானாலும், என்ன மருந்து, எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பது அங்கு உறங்கப் போகிறவருக்கு முன்னதாகச் சொல்லப்பட வேண்டும். பழுது பார்க்க வீட்டுக்குள் வருவதற்கே 24 மணி நேரம் முன்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகையில், நஞ்சு வைக்க அது வேண்டாமா?

என்ன செய்யலாம்?

அரசு அட்டவணையில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தம் எழுதும்போது நான்கு வரி கூடுதலாக எழுதிக்கொள்வோம். கடந்த ஓராண்டில் இந்த வீட்டில் என்ன பூச்சி இருந்தது. கட்டடத்து வழியாக வருவதற்கு வீட்டுக்காரர் செலவு, பழக்கத்தால் வருவதற்குக் குடியிருப்பவர் செலவு, இரண்டும் கலந்ததற்குப் பாதிப்பாதி. பொதுத் தொட்டிக்கு மூடி போடுவது வீட்டுக்காரர், வாரம் ஒருமுறை கழுவுவது குடியிருப்போர் முறைவைத்து. பூச்சி தென்பட்ட ஒரு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், தெரிவித்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். இவ்வளவுதான். இதற்கு வக்கீல் வேண்டாம். நல்ல மனம் போதும்.

எங்கள் காம்பவுண்டில் இப்போது தொட்டிக்கு மூடி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டார் கழுவுகிறார்கள். மூடி வாங்கித் தந்தவர் அதே வீட்டுக்கார அம்மாதான். கசிந்த குழாயையும் மாற்றிவிட்டார். தறிக்குழியின் ஓரங்களை என் தந்தையார் சிமெண்டுப் பூசிவிட்டார். அக்காவின் நகல் சான்றிதழ் தகரப் பெட்டியில் இருக்கிறது. அலமாரியை மட்டும் அம்மா இன்னும் நம்பவில்லை. தினமும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் உறங்கப் போகிறார்.